பூஞ்சக்காளான் புரதங்களும் குடியானவர் கண்களும்

தை மாதத்தில் கதிரறுப்பும் போரடிப்பும் நடக்குங்கால் நெற்சுணையோ, உமியோ, வைக்கோல் துரும்போ கண்ணில் பட்டுவிடுவது குடியானவர்களுக்குப் புதிய சங்கதியன்று. கண்ணைக் கசக்கிவிட்டு, வாய்க்கால் நீரில் கழுவிக்கொண்டு, மறுபடியும் வேலையில் இறங்குவதே வழக்கம். பெரும்பாலும் இரண்டொரு நாளில் உறுத்தல் அடங்கியும் விடுகிறது. ஆனால் சிலருக்கு நாலைந்து நாட்களில் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைக் காணக் கூசி, கருவிழியின்மேல் சாம்பல் நிறமான ஒரு புள்ளி எழுகின்றது. கண்ணில் பூ விழுந்துவிட்டதென ஊரார் கூறுகின்றனர். பச்சிலைச் சாறு பிழிவாரும், தாய்ப்பால் விடுவாரும், நாவினால் தூசியெடுப்பாரும் அப்பொழுது முன்வருகின்றனர். இவையெல்லாம் முடிந்து, மருந்துக் கடையில் யாரோ கொடுத்த சொட்டு மருந்தும் தீர்ந்தபின்னரே பலர் பட்டணத்துக் கண் மருத்துவமனையை நாடுகின்றனர். அதற்குள் புண் ஆழ்ந்துபோய்விடுகின்றது.

விவசாயப் பத்திரிகையொன்றில் கண்ணோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். உழவு மாட்டின் குளம்பில் புண் கண்டால் பக்கம் பக்கமாக எழுதும் பத்திரிகை, அம்மாட்டை ஓட்டுகிறவனுடைய கண்ணைப்பற்றி எழுதாதிருப்பதே வியப்பாகும். மேலும் இந்நோயை விளைவிக்கும் பூஞ்சக்காளான்கள் குடியானவர்களுக்கு நெடுநாள் பழக்கமானவையே. வாழையைப் பட்டுப்போகச் செய்யும் வாடல் நோய் பியூசேரியம் என்னும் இனத்துக் காளானால் உண்டாவதைத் தோட்டக்காரர் அறிவர். அதே இனத்தைச் சேர்ந்த வேறு வகைகள் கண்ணைத் தாக்குகின்றன. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சைச் சுரக்கின்ற ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பதும் கருவிழிப்புண்ணில் அடிக்கடி காணப்படும் காளானேயாம். மண்ணிலும் மட்கும் இலையிலும் வைக்கோலிலும் வாழ்வதே இவற்றின் இயல்பு. கண்ணுக்குள் புகுவது தற்செயலாக நேருவது. கருவிழியின்மேல் சிறு கீறல் உண்டாகும்பொழுது காளானின் வித்துத்தூள் துரும்புடன் சேர்ந்து உட்புகுந்து முளைத்துவிடுகின்றது.

இது எத்துணைப் பரவலானது என்பதற்கு மதுரையிலேயே சான்றுண்டு. 1994-ம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப்புண்ணுடன் வந்த 434 பேரைப்பற்றிய ஆராய்ச்சி 1997-ல் வெளியாயிற்று. அவர்களில் 284 பேர் கண்ணில் அடிபட்டதாகக் கூறினர். அவருட் பெரும்பாலார் வயல் வேலையில் அடிபட்டவர்கள். கிருமி வளர்த்துக் கண்டுபிடிக்க முடிந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியாவும், 139 பேருக்குப் பூஞ்சக்காளானும் காரணமாயிருந்தன. காளான்களிற் பாதிக்குச் சற்றுக் குறைய, அதாவது 100-க்கு 47 பங்கு, பியூசேரியமாகவும், 16 பங்கு ஆஸ்பர்ஜில்லஸாகவும் இருந்தன. உலக முழுவதிலும் ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்நோய் காண்பதாகவும், அவர்களில் 100-க்கு 8 முதல் 11 பேர் வரை கண்ணையே எடுத்துவிட வேண்டிய நிலைக்கு வருவதாகவும் 2021-ல் வெளிவந்த ஒரு கணக்குத் தெரிவிக்கின்றது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமே இது மிகுதி. உழவுத்தொழில் மிகுந்த வெப்ப நாடுகளின் நோய் இது என்பது இதனாற் பெறப்படும்.

மேற்சொன்ன கணக்கில் பாக்டீரியாவும் காளானும் ஏறக்குறையச் சரிபாதியாய் நிற்பதைக் கவனிக்க வேண்டும். தொல்லையின் வேர் அங்கேயே இருக்கிறது. இரண்டு புண்களும் மேற்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடியவை. மருந்தோ முற்றிலும் வேறு. பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்து காளானை ஒன்றும் செய்யாது. அதைவிடக் கொடியது யாதெனில், சிவப்பையும் வலியையும் விரைவில் தணிப்பதற்காகச் சிலர் ஊற்றிக்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்து. அது கண்ணின் எதிர்ப்பாற்றலை அடக்கிவிடுவதால், காளானுக்கு வேலியில்லாத தோட்டத்தைத் திறந்துவிட்டதுபோலாகும். நோயாளி இரண்டு நாள் சுகமாயிருப்பதாக எண்ணுவான். அந்த இரண்டு நாளில் காளான் வேரோடிவிடும். காளானுக்கு உரிய மருந்தாகிய நேட்டமைசின் 1955-ல் தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரின் விளைவு. அரவிந்த் மருத்துவமனையில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட சோதனை, விலையுயர்ந்த புதிய மருந்தாகிய வோரிகோனசோலைக் காட்டிலும் இப்பழைய மருந்தே, அதிலும் பியூசேரியப் புண்ணுக்கு, மேலானது என்று நிலைநாட்டிற்று. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே மருந்தில்லாமல் கண் போகிறதென்று சொல்வதற்கில்லை. இன்ன நோயென்று காலத்தில் தெரியாமலே பல கண்கள் போகின்றன.

இப்பொழுதுள்ள வழி யாது? புண்ணின் ஓரத்தைச் சுரண்டியெடுத்துப் பொட்டாஷ் கரைசலில் இட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் காளானின் இழைகள் தெரியும். மலிவான சோதனைதான். ஆனால் சுரண்டுவதற்குத் தேர்ந்த கையும், பார்ப்பதற்குப் பழகிய கண்ணும் வேண்டும். இவ்விரண்டும் பட்டணங்களிலேயே உண்டு. இழை தெரிந்தாலும் அது பியூசேரியமா, ஆஸ்பர்ஜில்லஸா என்று பிரித்தறிவது கடினம். வளர்ப்புச் சோதனையோ பல நாட்கள் பிடிக்கும். நாற்பது மைல் பஸ்ஸில் வந்து, ஒரு வாரம் கழித்து முடிவுக்காக மீண்டும் வா என்று சொல்லப்படுகிற கூலியாளின் நிலையை எண்ணிப் பார்த்தாலே இவ்வழியின் போதாமை விளங்கும்.

இங்கேதான் புரத ஆராய்ச்சியின் பயன் தோன்றுகின்றது. புரதமென்றால் பருப்பிலும் முட்டையிலும் உள்ள சத்து என்றே பலரும் அறிவர். ஆனால் ஒவ்வோர் உயிரும் தன் உடலைக் கட்டுவதற்கும், இரையைச் செரிப்பதற்கும், எதிரியைத் தாக்குவதற்கும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்களைத் தயாரித்துக்கொள்கின்றது. பூஞ்சக்காளானுக்கு வாயும் வயிறும் இல்லை. அது இரையின்மேல் படிந்து, செரிக்கவைக்கும் புரதங்களை வெளியே உமிழ்ந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். வைக்கோலை மட்கச் செய்வதும் இம்முறையாலேயே, கருவிழியைக் கரைப்பதும் இம்முறையாலேயே. மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸையும், வெளியே சாதாரணமாக மட்கில் வாழும் அதே காளானையும் தனித்தனியே வளர்த்து, இரண்டும் உமிழும் புரதங்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். கண்ணிலிருந்து வந்தவை, புரதத்தைச் சிதைக்கும் நொதியொன்றை மிகுதியாகச் சுரப்பதை அவர்கள் 2015-ல் வெளியிட்டனர். நோயாளிகளின் கண்ணீரில் மாறுபடும் புரதங்களையும் அந்நிலையத்தார் ஆராய்ந்துள்ளனர். இதனால் வரும் லாபமென்ன என்று கேட்கலாம். திருடனுடைய காலடித் தடத்தைப் பார்த்து ஆளை அடையாளங் காண்பதுபோல, காளான் உமிழும் புரதத்தைக் கொண்டு அது அங்கே இருப்பதைக் கண்டுகொள்ளலாம் என்பதே விடை.

அத்தகைய கருவியொன்று ஏற்கெனவே உருவாகியிருக்கின்றது. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தார்ன்டன் என்னும் அறிஞர், ஆஸ்பர்ஜில்லஸ் இனம் உமிழும் சர்க்கரை கலந்த ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, அதை ஒரு காகிதப் பட்டையில் பொருத்தும் முறையை 2008-ல் வெளியிட்டார். கொரோனாக் காலத்தில் மூக்கில் துடைத்துப் பார்த்த பட்டையைக் கண்டவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். இதில் சிறப்பானதொரு நுட்பம் உண்டு. காளானின் வித்துத்தூள் காற்றிலும் தூசியிலும் எங்கும் நிறைந்துள்ளது. களத்தில் நிற்பவனுடைய கண்ணிமையிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தூளைக் காட்டும் சோதனையால் யாதொரு பயனுமில்லை. மேற்படி புரதமோ காளான் முளைத்து வளரும்பொழுது மட்டுமே வெளிவருவது. உறங்கும் வித்திலிருந்து வருவதில்லை. ஆகையால் பட்டையில் கோடு தோன்றினால் காளான் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நுரையீரல் நோய்க்காக ஏற்பட்ட இப்பட்டையை மதுரையில் கருவிழிப்புண்ணுக்குப் பயன்படுத்திப் பார்த்த ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. புண்ணில் எடுத்த மாதிரியைக்கொண்டே, ஆஸ்பர்ஜில்லஸ் உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேரை அது சரியாகக் காட்டியது.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் முன்பு கூறிய எண்களை மறந்துவிடலாகாது. மதுரைப் பக்கத்துக் காளான் புண்களிற் பெரும்பங்கு பியூசேரியத்தால் வருவது. இப்பட்டையோ பியூசேரியத்தைக் காட்டாது. கோடு தோன்றவில்லையென்றவுடன் காளானே இல்லையென்று நம்பி வேறு மருந்து கொடுத்துவிட்டால், பட்டை இல்லாத காலத்தைவிடப் பட்டை வந்த காலம் கேடாக முடியும். எனவே அடுத்தபடியாகச் செய்யத்தக்கது பியூசேரியத்தின் புரதங்களை, அதுவும் இப்பகுதி வயல்களில் வளர்ந்து இப்பகுதி மக்களின் கண்ணில் புகுந்த பியூசேரியத்தின் புரதங்களை, முறையாக ஆராய்ந்து அதற்கும் ஒரு பட்டையைச் செய்வதேயாகும். நுரையீரல் காளானுக்குச் செல்வ நாடுகளிலும் நோயாளிகள் உண்டு. ஆதலால் அதற்கு முதலில் கருவி பிறந்தது. வயற்காட்டுக் கருவிழிப்புண்ணுக்கு அவ்விடங்களில் அத்துணை ஆதரவாளர் இல்லை. அதைச் செய்யவேண்டிய பொறுப்பு நோயுள்ள நாட்டினுடையதே.

இப்பகுதிக் காளான் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிரேசில் நாட்டில் காப்பித் தோட்டங்களிலும் பிற நிலங்களிலும் வேலை செய்வோருக்கு மண்ணிலுள்ள பாராகாக்ஸிடியாய்டஸ் என்னும் காளானால் நுரையீரல் நோய் உண்டாகின்றது. 1908-ல் அடால்போ லூட்ஸ் என்னும் வைத்தியர் முதலில் எடுத்துக்காட்டிய நோய் இது. அக்காளான் உமிழும் ஜிபி-43 என்னும் புரதத்தை அந்நாட்டார் 1980-களில் பிரித்தெடுத்து, நோயாளியின் ரத்தத்தைச் சோதிப்பதற்கு அதையே அளவுகோலாக வைத்தனர். சோதனை பல மாகாணங்களில் நன்றாகப் பயன்பட்டது. ஆனால் நாட்டின் நடு மேற்குப் பகுதியில், நோய் தெளிவாக உள்ளவர்களுக்கே சோதனை இல்லையென்று காட்டிற்று. பின்னர் ஆராய்ந்ததில் அங்கே உள்ளது வேறொரு காளானெனத் தெரிந்து, 2009-ல் அதற்கு லூட்ஸின் பெயரையே இட்டனர். ஒரு பிர்க்காவில் நன்றாய் விளைந்த நெல்ரகம் மற்றொரு பிர்க்காவில் பொய்த்துப்போவதைக் கண்ட மிராசுதாருக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டுவதில்லை. வெளிநாட்டுக் காளானைக்கொண்டு செய்த சோதனையைத் தருவித்து ஆஸ்பத்திரிகளில் அடுக்கிவிட்டால் போதுமென்று கருதும் அதிகாரிகள் இச்செய்தியை மனத்திற் கொள்வாராக.

இனி, சோதனை எதற்கு, நோயே வராமல் தடுப்பு ஊசி போட்டுவிடலாகாதா என்னும் கேள்வி எழும். நியாயமான கேள்வியே. மாடுகளைக் கூட்டங் கூட்டமாய்க் கொன்ற வெக்கை நோய் தடுப்பு ஊசியினாலேயே 2011-ல் உலகத்தைவிட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பூஞ்சக்காளானுக்கும் கால்நடையில் அத்தகைய வெற்றி ஒன்று கிடைத்துள்ளது. கன்றுகளின் தோலில் வட்டம் வட்டமாய்ப் படரும் படைக்குக் காரணமான காளானை வீரியங் குறைத்து, ரஷ்ய நாட்டில் சார்கிசாவ் என்பாரும் அவரைச் சார்ந்தோரும் தடுப்பு மருந்தொன்று செய்தனர். அதனை நார்வே நாட்டின் கௌஸ்டால் என்னும் பகுதியில் 1979 முதல் 1987 வரை விடாமற் போட்டுவந்ததில், 100-க்கு 70 மந்தைகளில் இருந்த படை அறவே நீங்கிற்று. ஆனால் மனிதருக்கு எக்காளான் நோய்க்கும் அங்கீகாரம் பெற்ற தடுப்பு ஊசி இன்றுவரை இல்லை.

முயற்சி இல்லாமலில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா முதலிய வறண்ட பகுதிகளில் மண்புழுதியால் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்குக் கொன்ற காளானால் செய்த ஊசியை 1980 முதல் 1985 வரை 2,867 பேரிடம் சோதித்தனர். பலன் குறிப்பிடத்தக்கதாயில்லை, ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வலியுமே மிகுந்தன. முழுக் காளானையும் செலுத்தினால் உடலுக்குத் தொல்லை மிகுதி, தேவையான பகுதியோ சிறிதளவே என்பது அதனால் வெளியாயிற்று. அதன்பின் ஆராய்ச்சியாளர் பலரும் தனிப் புரதங்களை நாடலாயினர். காண்டிடா என்னும் காளானின் மேற்புறத்திலுள்ள ஒரு புரதத்தைக்கொண்டு செய்த ஊசியைப் பெண்களிடம் சோதித்த முடிவு 2018-ல் வெளிவந்தது. 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓரளவு பயன் தெரிந்தது. இவ்வளவே இதுவரை கிடைத்த முன்னேற்றம்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. பாக்டீரியாவைவிடப் பூஞ்சக்காளான் மனித உடலின் அணுவமைப்புக்கு நெருங்கிய உறவுடையது. அதன் புரதங்களுட் பல மனிதப் புரதங்களை ஒத்திருக்கின்றன. களைக்கும் பயிருக்கும் வேற்றுமை குறைந்தால் களைக்கொல்லி பயிரையும் கருக்குவதுபோல, எதிர்ப்புச் சக்தி தவறான இடத்தில் பாயாதபடி புரதத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கருவிழியின் விஷயத்தில் மற்றொரு தடையும் உண்டு. ஒளி ஊடுருவ வேண்டியிருத்தலால் அதில் ரத்தக் குழாய்களே இல்லை. ஊசியினால் ரத்தத்தில் உண்டாகும் காப்பு அவ்விடத்திற்குத் தாராளமாகச் சென்று சேராது. வெளிக்காயத்தின் வழியே ஒரே நாளில் புகும் காளானுக்கு, லட்சக்கணக்கான உழவர்களுக்கு முன்கூட்டியே ஊசி போடுவது தகுமா என்பதும் ஆலோசிக்கத்தக்கது. எனவே தடுப்பு ஊசிக்கான ஆராய்ச்சி நடந்துவரட்டும். அதைக் காட்டி நோயறியும் ஆராய்ச்சிக்கு உரிய பணத்தைக் குறைப்பது முறையன்று. புரதம் என்னவோ ஒன்றே. அதை அடையாளமாகக் கொள்வதற்குச் சில ஆண்டுகள் போதும், காப்பாகக் கொள்வதற்கு ஒரு தலைமுறை வேண்டியிருக்கலாம்.

செலவைக் கூறி இதைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நிலக்கடலையில் அஃப்ளடாக்ஸின் இருக்கிறதா என்று எதிர்ப்பொருளைக்கொண்டு விரைவில் அறியும் முறைகள் ஏற்பட்டுவிட்டன. பட்டாஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையம் குறைந்த செலவில் அதைச் செய்யும் முறையை வகுத்தது. ஏற்றுமதிக் கடலை திருப்பியனுப்பப்பட்டால் வியாபாரிக்கு நஷ்டமென்பதால் அவ்வேற்பாடு விரைவில் வந்தது. அதே காளான் அதே கடலையை உரித்தவளுடைய கண்ணில் புகுந்தால் அதை அறியும் வசதி தாலுகா ஆஸ்பத்திரியிற்கூட இல்லாதிருப்பது எவ்விதத்திலும் நியாயமாகாது.

நிலமுடையவர்களும் கிராம அதிகாரிகளும் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. காளான் புரதங்களை ஆராய வேண்டுமானால் நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியும், சில துளி கண்ணீரும், அவர் எப்பயிரில், எவ்வேலையில், எந்நாளில் அடிபட்டார் என்ற விவரமும் வேண்டும். சுரண்டுவதற்கு அஞ்சி நோயாளிகள் ஓடிவிடுவதும், உற்றார் வேண்டாமென்று தடுப்பதும் உண்டு. மரத்துப்போகும் மருந்து விட்டபின்னரே சுரண்டுவதால் வலி அதிகமில்லை என்பதை ஊரில் மதிப்புள்ள ஒருவர் எடுத்துச் சொன்னால், டாக்டர் பத்துமுறை சொல்வதைவிட அது நன்றாய் ஏறும். எந்தக் களத்து வைக்கோல், எந்தத் தோட்டத்துச் சருகு என்பதை விசாரித்து எழுதித் தருவதும் அதிகாரிகளுக்கு எளிது.

பட்டை வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. நேபாளத்தில் பக்தபூர் ஜில்லாவில் 34,902 மக்களைக் கிராமத் தொண்டர்கள் கண்காணித்து, கருவிழியில் கீறல் கண்ட 442 பேருக்கு உடனுக்குடன் களிம்பு இட்டுவந்த விவரம் 2001-ல் வெளியாயிற்று. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு இட்டவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. ஒரு நாளுக்கு மேல் கழித்து வந்தவர்களில் 50-க்கு 14 பேருக்குப் புண் வந்தது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இதுபோன்ற முயற்சி நடந்து, அதன் முடிவு 2006-ல் வெளியிடப்பட்டது. அவ்வாறு தொண்டர்கள் இல்லாத ஊரில், அடிபட்ட ஆளை அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புவதற்குரிய பஸ் கட்டணத்தையும் அரைநாட் கூலியையும் வேலை வாங்கியவர் கொடுத்துவிடுவது, பின்னால் வரும் செலவை நோக்கச் சொற்பம். கதிரடிக்கும் இயந்திரத்தின் வாய்ப்புறம் நிற்பவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கலாம். வியர்வையில் அது மங்கிப்போகிறதென்று கழற்றிவிடுவார்கள் என்பது மெய்யே, ஆயினும் காற்றுத் துளையுள்ள கண்ணாடிகளும் கிடைக்கின்றன. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை டாக்டர் சீட்டின்றி விற்கும் கடைகளைப்பற்றி உரியவர்களுக்கு எழுதுவதும் வேண்டும்.

அடுத்த சம்பா அறுவடைக்கு முன்னதாகவே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பொட்டாஷ் கரைசலும், மைக்ராஸ்கோப்பும், அதைப் பார்க்கப் பழகிய ஒருவரும், நேட்டமைசின் சொட்டு மருந்தும் வந்துசேர வேண்டுமென்று பஞ்சாயத்துகள் தீர்மானம் செய்து அனுப்பலாம். அத்துடன், பியூசேரியப் புரத ஆராய்ச்சிக்குத் தனியே பணம் ஒதுக்கவேண்டுமென்ற கோரிக்கையையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.